மரை வெட்டும்போது அவசரம் கூடாது! வேகம் எவ்வளவு? ஆழம் எவ்வளவு?

1904-ம் ஆண்டு பிப்ரவரி 7-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை.

அமெரிக்காவில் உள்ள பால்டிமோர் நகரில் தீப்பிடித்தது. காற்று பலமாக வீசியது. தீ ஒரு கட்டிடத்தில் இருந்து அடுத்த கட்டிடத்துக்குத் தாவியது.

உதவி கேட்டு அக்கம்பக்கத்து நகரங்களுக்குச் செய்தி பறந்தது. வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயார்க் முதலிய ஊர்களில் இருந்து தீயணைப்புப் படையினர் விரைந்து வந்தார்கள். தங்கள் குழாய்களையும் கொண்டு வந்தார்கள்.

ஆட்கள் இருந்தார்கள். தெருக் குழாயில் தண்ணீர் இருந்தது. ஆனால், வெளியூர்க்காரர்கள் பலரால் தங்கள் குழாயைத் தெருக் குழாயில் மாட்ட முடியவில்லை. இதன் மரை வேறு; அதன் மரை வேறு!

சுமார் 30 மணி நேரம் தீ எரிந்தது. 1,500-க்கு மேற்பட்ட கட்டிடங்கள் அழிந்தன. அழிவுக்கு மரை மட்டுமே காரணம் அல்ல. ஆனால் உதவிக்கு வந்தவர்களில் பலர் கையைப் பிசைந்துகொண்டு நின்றதற்கு மரைதான் காரணம்.

அற்ப விஷயமா?

ஒருவன் தாறுமாறாகப் பேசினால், "அவனுக்கு மரை கழன்றுவிட்டது" என்று கேலி செய்கிறோம். மரை கழன்றால் எதுவும் ஒழுங்காக நிற்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

சைக்கிள், தையல் எந்திரம், மின்விசிறி, தண்ணீர்க் குழாய், பஸ் சக்கரம் எல்லாவற்றையும் மரைதான் பிடித்துக்கொண்டு இருக்கிறது. போல்டின் மேல் சுற்றிச் சுற்றி ஓடுகிறதே பள்ளம், அதுதான் மரை. நட்டின் உள்ளேயும் அதே அளவில் பள்ளம் இருக்கும். இரண்டும் ஒன்றோடு ஒன்று கவ்விக்கொள்ளும்.

சாதாரண போல்ட் கடையில் கிடைக்கும். ஆனால் அரிசி ஆலையில் ஒரு தண்டு உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதே நீளம், அதே கனம், நுனியில் அதே மரை உள்ள தண்டு கடையில் கிடைக்காது. லேத் பட்டறைக்குத்தான் போகவேண்டும்.

கோயம்புத்தூரிலும், சென்னை அம்பத்தூரிலும், ஓசூரிலும் இத்தகைய பட்டறைகள் ஏராளம். சிறிய ஊர்களிலும் ஒன்றிரண்டு இருக்கும்.

தண்டைக் கடைந்து, காடி வெட்டி, எல்லா வேலையும் முடிந்த பிறகு, பெரும்பாலும் கடைசியாகத்தான் மரை போடுவார்கள். அந்தக் கடைசி வேலையில் டூல் ஒரு முறை தவறினால் போதும். அதுவரை செய்த வேலை எல்லாம் வீண். இரும்பும் வீண். ஆலை இன்னும் ஒரு நாள் நிற்கும். அன்றைய கூலியும் போகும்.

ஆகையால்தான் மரை வெட்டத் தொடங்குமுன் லேத்துக்காரர் இரண்டு கேள்விகளைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்கிறார்.

வேகம் எவ்வளவு? ஆழம் எவ்வளவு?

எந்திரம் வேலை செய்யும் விதம்

லேத்தில் தண்டை "சக்" என்ற பிடிப்பானில் மாட்டுகிறார்கள். தண்டு சுழலும். பக்கத்தில் உள்ள வண்டியில் டூல் இருக்கும். அதன் முனை "வி" எழுத்தைப் போலக் கூராக இருக்கும்.

தண்டு ஒரு சுற்றுச் சுற்றும்போது, வண்டி ஒரு குறிப்பிட்ட தூரம் நகரவேண்டும். அந்தத் தூரம்தான் "பிட்ச்". வண்டியை நகர்த்துவது "லீட் ஸ்க்ரூ" என்ற நீண்ட திருகு. தண்டையும் அந்தத் திருகையும் பல்சக்கரங்கள் இணைக்கின்றன. சக்கரங்களை மாற்றினால் பிட்ச் மாறும்.

1800-ம் ஆண்டை ஒட்டி, இங்கிலாந்தில் ஹென்றி மாட்ஸ்லே என்பவர் இந்த முறையில் துல்லியமாக மரை வெட்டும் லேத்தைச் செய்தார். அவருடைய பட்டறையில் வேலை பார்த்தவர் ஜோசப் விட்வொர்த். அந்தக் காலத்தில் பட்டறைக்குப் பட்டறை மரை வேறாக இருந்தது. 1841-ல் விட்வொர்த், "எல்லோரும் ஒரே அளவில் மரை போடுவோம்" என்று ஒரு திட்டம் கொடுத்தார். அவருடைய மரையின் கோணம் 55 டிகிரி. இப்போது பெரிதும் வழங்கும் மெட்ரிக் மரையின் கோணம் 60 டிகிரி.

நம் அரிசி ஆலைத் தண்டுக்கு 20 மில்லிமீட்டர் கனத்தில் மெட்ரிக் மரை வேண்டும். "எம் 20" என்று இதைச் சொல்வார்கள். இதன் வழக்கமான பிட்ச் 2.5 மி.மீ. தண்டு சாதாரண மைல்டு ஸ்டீல். டூல் ஹைஸ்பீடு ஸ்டீல்.

வேகக் கணக்கு

தண்டைச் சாதாரணமாகக் கடையும்போது, மைல்டு ஸ்டீலுக்கு நிமிடத்துக்கு 25 மீட்டர் வேகம் வைக்கலாம். அதாவது, ஒரு நிமிடத்தில் 25 மீட்டர் நீளமுள்ள இரும்பு டூலின் முனையைக் கடந்து போகவேண்டும்.

20 மி.மீ. தண்டின் சுற்றளவு, 20-ஐ 3.14-ஆல் பெருக்கினால் வரும். சுமார் 63 மி.மீ. 25 மீட்டர் என்பது 25,000 மி.மீ. அதை 63-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 400 வரும். ஆக, கடைசலுக்கு நிமிடத்துக்கு 400 சுற்று.

மரை வெட்டும்போது இந்த வேகம் ஆகாது. மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கவேண்டும். நிமிடத்துக்கு 8 மீட்டர். 8,000-ஐ 63-ஆல் வகுத்தால் 127. லேத்தில் 125 சுற்று இருந்தால் அதை வைக்கலாம். இல்லாவிட்டால் அதற்குக் கீழே உள்ள வேகத்தை வைக்கவேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் 60, 70 சுற்றில் தொடங்குவது நல்லது.

வேலை பழகும் பையனுக்கு இது பிடிக்காது. ஆலைக்காரர் வாசலில் காத்துக்கொண்டு இருப்பார். பையன் கேட்பான்:

"ஏன் அண்ணே, வேகத்தைக் குறைத்துவிட்டீர்கள்? சீக்கிரம் முடித்துக் கொடுத்துவிடலாமே?"

"தம்பி, இப்போது ஓடப்போவது தண்டு மட்டும் அல்ல. வண்டியும் ஓடும். அதை நிறுத்த உன் கைக்கு நேரம் வேண்டாமா?" என்பார் மேஸ்திரி.

அவர் சொல்வது சரி. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சாதாரணக் கடைசலில் ஒரு சுற்றுக்கு 0.2 மி.மீ. தூரம் வண்டி நகர்கிறது என்று கொள்வோம். 400 சுற்றுக்கு 80 மி.மீ. நொடிக்கு 1.3 மி.மீ. மட்டுமே. வண்டி நத்தை போலப் போகும்.

மரை வெட்டும்போது ஒரு சுற்றுக்கு 2.5 மி.மீ. அதே 400 சுற்று வைத்தால், நிமிடத்துக்கு ஒரு மீட்டர்! நொடிக்கு ஏறக்குறைய 17 மி.மீ.

மரை முடியும் இடத்தில் டூல் நிற்பதற்காக 6 மி.மீ. அகலத்தில் காடி வெட்டி இருக்கிறது. அந்தக் காடியை டூல் அரை நொடிக்குள் தாண்டிவிடும். கண் பார்த்து, மூளை சொல்லி, கை இழுப்பதற்குள் டூல் தண்டின் பருத்த பகுதியில் மோதும். டூல் உடையும். தண்டு வளையும். சக்கில் மோதினால் எந்திரமே கெடும்.

125 சுற்றில் வண்டி நொடிக்கு சுமார் 5 மி.மீ. போகும். காடியைக் கடக்க ஒரு நொடிக்கு மேல் ஆகும். பழகிய கைக்கு அது போதும்.

வேகத்தைக் குறைக்க இன்னொரு காரணமும் உண்டு. மரை டூலின் முனை மெல்லியது. இரண்டு பக்கமும் இரும்பு நெருக்குகிறது. சூடு வெளியேற வழி குறைவு. அதிக வேகத்தில் முனை காய்ந்து மழுங்கிவிடும். இரும்புச் சுருள் நீல நிறமாக வந்தால், டூல் சூடாகிறது என்று எச்சரிக்கை. வேகத்தைக் குறைக்கவேண்டும்.

பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சொன்னது லேத்துக்கும் பொருந்தும்.

ஆழம் எவ்வளவு?

மெட்ரிக் போல்டின் மரை ஆழத்தைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பிட்சை 0.613-ஆல் பெருக்கவேண்டும். நம் தண்டுக்கு 2.5-ஐப் பெருக்கினால் 1.53 மி.மீ. வரும்.

இந்த 1.53 மி.மீ. ஆழத்தை ஒரே வெட்டில் வெட்டிவிட முடியுமா? முடியாது. டூல் சிக்கிக்கொள்ளும், அல்லது இரும்பைக் கிழிக்கும். சிறிது சிறிதாகப் பல முறை வெட்டவேண்டும்.

ஒவ்வொரு முறையும் எவ்வளவு? இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். "முதல் வெட்டில் 0.25 மி.மீ. சுலபமாகப் போனது. எல்லா வெட்டும் 0.25 வைப்போம். ஆறே வெட்டில் முடிந்துவிடும்" என்று நினைக்கிறார்கள். நான்காவது, ஐந்தாவது வெட்டில் லேத் அலறுகிறது. மரை சொரசொரப்பாகிறது.

இது ஏன்?

வாய்க்கால் கணக்கு

வயலில் சரிவான கரைகளுடன் "வி" வடிவத்தில் ஒரு வாய்க்கால் வெட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் ஒரு அடி ஆழம் வெட்டும்போது ஒரு வண்டி மண் வருகிறது. அடுத்த ஒரு அடி வெட்டும்போதும் ஒரு வண்டிதானா? இல்லை. ஆழம் கூடும்போது மேலே அகலமும் கூடவேண்டும். ஆகையால் மூன்று வண்டி மண் வரும். அதற்கு அடுத்த அடிக்கு ஐந்து வண்டி. பிறகு ஏழு. பிறகு ஒன்பது. ஆறாவது அடிக்குப் பதினொரு வண்டி!

மரையும் இதே வாய்க்கால்தான். எல்லா முறையும் 0.25 மி.மீ. இறக்கினால், ஆறாவது வெட்டில் டூல் முதல் வெட்டைப் போல் பதினொரு மடங்கு இரும்பை எடுக்கவேண்டும். அது எப்படித் தாங்கும்?

ஆகவே விதி இதுதான்: உள்ளே போகப் போக வெட்டைக் குறைத்துக்கொண்டே போகவேண்டும்.

நம் தண்டுக்கு 13 வெட்டுகளில் இப்படிப் போகலாம் (மில்லிமீட்டர் கணக்கில்):

முதல் வெட்டு 0.25
2-வது 0.20
3-வது 0.18
4-வது 0.15
5-வது 0.13
6-வது 0.12
7-வது 0.10
8-வது 0.10
9-வது 0.08
10-வது 0.07
11-வது 0.06
12-வது 0.05
13-வது 0.04

கூட்டினால் 1.53. நடுவில் உள்ள வெட்டுகளில் டூல் எடுக்கும் இரும்பு ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். கடைசி வெட்டுகள் மெல்லியவை. அவைதான் மரைக்கு வழவழப்பைத் தருகின்றன.

இந்த அளவுகள் கல்வெட்டு அல்ல. லேத் பழையதாகி ஆட்டம் கண்டிருந்தால் வெட்டைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டவேண்டும். உறுதியான லேத்தில் கொஞ்சம் துணியலாம். ஆனால் "போகப் போகக் குறை" என்ற விதி மாறாது.

முடிந்த பிறகு, ஆழத்தைக் கூட்டாமலே ஒன்றிரண்டு முறை டூலை ஓட்டவேண்டும். வெட்டும்போது தண்டும் டூலும் மயிரிழை அளவு வளைந்து கொடுக்கின்றன. அதனால் மிஞ்சி நிற்கும் இரும்பு அப்போது வந்துவிடும்.

டயலில் எச்சரிக்கை

சில லேத்துகளில் டயல் காட்டுவது, டூல் நகரும் தூரம். வேறு சிலவற்றில் அது, தண்டின் விட்டத்தில் குறையும் அளவு. டூல் 1 மி.மீ. உள்ளே போனால், விட்டத்தில் 2 மி.மீ. குறையும். எது என்று தெரியாமல் வெட்டினால் ஆழம் பாதியாகும்; அல்லது இரண்டு மடங்காகும். பாதியானால் திரும்ப வெட்டலாம். இரண்டு மடங்கானால் தண்டைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

நேராகவா? சாய்வாகவா?

டூலை நேராக உள்ளே இறக்கினால் அதன் இரண்டு பக்கமும் வெட்டும். இரண்டு பக்கத்துச் சுருளும் நடுவில் வந்து முட்டிக்கொள்ளும்.

இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. வண்டியின் மேல் உள்ள சிறிய ஸ்லைடை 29.5 டிகிரி திருப்பி வைத்து, அதன் வழியாக டூலை இறக்குவார்கள். அப்போது பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டுமே வெட்டும். சுருள் தாராளமாக வெளியே வரும். சாய்ந்து இறங்குவதால் தூரம் கூடும். ஆழத்தை 1.15-ஆல் பெருக்கவேண்டும். நம் தண்டுக்கு 1.53-க்குப் பதில் 1.76 மி.மீ. இறக்கவேண்டும்.

சிறிய பிட்ச் மரைகளை நேராகவே வெட்டிவிடலாம். பெரிய பிட்சுக்குச் சாய்வு முறை நல்லது.

முதல் கோடு

முதலில், இரும்பைத் தொட்டும் தொடாமலும் ஒரு கோடு மட்டும் போடவேண்டும். பிட்ச் கேஜை வைத்துப் பார்க்கவேண்டும். பல்சக்கரம் தவறாக மாட்டியிருந்தால் இப்போதே தெரிந்துவிடும். தண்டு கெடாது.

அடுத்து, டூல் ஒவ்வொரு முறையும் அதே தடத்தில் இறங்கவேண்டும். தடம் மாறினால் ஒரு மரையின் மேல் இன்னொரு மரை ஏறிவிடும்.

லீட் ஸ்க்ரூவின் பிட்ச் 6 மி.மீ. என்று கொள்வோம். 2 அல்லது 3 மி.மீ. மரை என்றால் 6-ல் மிச்சமின்றிப் போகும். வண்டியைக் கழற்றி, பின்னால் கொண்டுவந்து, எங்கே மாட்டினாலும் தடம் மாறாது. 2.5 என்பது 6-ல் மிச்சமின்றிப் போகாது. ஆகையால் நம் தண்டுக்கு வண்டியைக் கழற்றாமலே டூலை வெளியே இழுத்துவிட்டு, மோட்டாரைத் திருப்பி ஓட்டி, வண்டியைப் பின்னால் கொண்டுவருவது பத்திரம்.

உலோகத்துக்கு ஏற்ற வேகம்

பித்தளையும் அலுமினியமும் மென்மையானவை. மைல்டு ஸ்டீலைவிட வேகமாக வெட்டலாம். எவர்சில்வர் பிடிவாதம் உள்ளது. வேகத்தை இன்னும் குறைக்கவேண்டும். ஆனால் வெட்டை மிகவும் மெல்லியதாக வைக்கக்கூடாது. டூல் வெட்டாமல் உராய்ந்தால் எவர்சில்வரின் மேற்பரப்பு இறுகிவிடும். பிறகு டூல் ஏறாது.

மைல்டு ஸ்டீலுக்குக் கட்டிங் ஆயில் ஊற்றவேண்டும். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் போதும். பித்தளையையும் வார்ப்பிரும்பையும் எண்ணெய் இல்லாமலே வெட்டலாம்.

கம்ப்யூட்டர் லேத்

இன்று பெரிய தொழிற்சாலைகளில் கம்ப்யூட்டர் லேத்துகள் வந்துவிட்டன. அவற்றில் கார்பைடு டூல் மாட்டுகிறார்கள். நம் தண்டையே நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஓட்டி மரை வெட்டிவிடும். டூலை இழுப்பது மனிதக் கை அல்ல; ஆகையால் வேகத்துக்குப் பயம் இல்லை. கார்பைடுக்கு வேகம்தான் பிடிக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்த எந்திரமும் முதல் வெட்டைப் பெரிதாகவும், அடுத்த வெட்டுகளைச் சிறிதாகவும் வைக்கும்படிதான் உத்தரவு கொடுக்கிறார்கள். வாய்க்கால் கணக்கு கம்ப்யூட்டருக்கும் அதேதான்.

கை பத்திரம்

தண்டு மெதுவாகச் சுற்றுகிறது என்று யாரும் அலட்சியமாக இருக்கக்கூடாது. கையுறை போடக்கூடாது. தோளில் துண்டு கூடாது. தொளதொளச் சட்டைக் கை கூடாது. சுருளைக் கையால் இழுக்கக்கூடாது, கொக்கியால் எடுக்கவேண்டும். ஓடும் தண்டில் நட்டைப் போட்டுப் பார்க்கக்கூடாது. கெட்ட தண்டுக்குப் பதில் வேறு தண்டு கடையலாம். போன விரலைக் கடைந்து தர எந்த லேத்தும் இல்லை.

நட்டு சொல்லும் தீர்ப்பு

கடைசியில் எந்திரத்தை நிறுத்தி, மரையைத் துடைத்து, நட்டைப் போட்டுப் பார்க்கிறார்கள்.

நட்டு ஏறாவிட்டால் ஆழம் போதாது. இன்னும் 0.04 மி.மீ. இறக்கி ஒரு முறை ஓட்டலாம். நட்டு கடகடவென்று ஆடினால் ஆழம் மிஞ்சிவிட்டது. அதைச் சரிசெய்ய வழி இல்லை. நட்டு ஏறியும், மரையின் பக்கங்கள் கிழிந்து இருந்தால் அதுவும் ஆபத்துதான். மேடுகள் மட்டுமே நட்டைத் தொடும். ஆலை ஓடும்போது மேடுகள் தேயும். நட்டு தளரும்.

மேலும், நட்டில் வரும் பாரத்தில் பெரும் பங்கை முதல் சில மரைகளே தாங்குகின்றன. அந்தச் சில மரைகள் ஒழுங்காக இருக்கவேண்டும் என்பதற்காகவே இத்தனை கணக்கும்.

விரலால் திருகினால் நட்டு ஆட்டம் இல்லாமல், இறுக்கம் இல்லாமல், ஒரே சீராக ஏறவேண்டும். அப்படி ஏறினால், தண்டைத் துணியில் சுற்றி ஆலைக்காரரிடம் கொடுக்கலாம்.